5டபிள்யூ-30 ஓடும் இன்ஜினில் 5டபிள்யூ-40 ஊற்றலாமா? சிந்தெடிக் ஆயில் கலப்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

இரவு பத்து மணி. உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் கீழ்க்கோட்டைவிடவும் கீழே கிடந்தது. என் காருக்கு மேனுவலில் போட்டிருப்பது 5டபிள்யூ-30 சிந்தெடிக். பங்க் அலமாரியில் இருந்தது 5டபிள்யூ-40 ஒரு லிட்டர் டப்பா ஒன்று. மற்றதெல்லாம் பைக்குக்கான 20டபிள்யூ-40. "வேற நம்பர் ஆயில கலந்தீங்கன்னா இன்ஜின் சீஸ் ஆயிடும்ணே" என்று அங்கிருந்த பையன் பயமுறுத்தினான்.

அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ஊற்றிக்கொண்டு மதுரை போய்த் திரும்பினேன். ஒன்றும் ஆகவில்லை. என் அதிர்ஷ்டம் இல்லை அது, ஆயில் அப்படித்தான் தயாராகிறது. ஆனால் எல்லாக் கலவையும் இப்படிச் சுலபமாகக் கடந்துபோகாது. சில இன்ஜின்களில் எண் ஒன்றாகவே இருந்தும் தவறான ஆயில் கெடுதல் செய்யும். எது ஆகும், எது ஆகாது, எவ்வளவு ஊற்றலாம், ஊற்றியபின் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

கலந்தால் திரிந்துபோகுமா?

பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி ஆயில் திரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐயின் முத்திரையோடு விற்கும் இன்ஜின் ஆயில் ஒவ்வொன்றும், வேறு ஆயில்களோடு கலந்து குளிரவைத்துச் சூடாக்கினாலும் பிரிந்து நிற்கக் கூடாது என்ற சோதனையில் தேறியிருக்க வேண்டும். பிராண்டு மாறினாலும், கிரேடு மாறினாலும், மினரல் ஆயிலும் சிந்தெடிக்கும் கலந்தாலும் இது பொருந்தும். 'செமி சிந்தெடிக்' என்று கடையில் கிடைப்பதே அந்த இரண்டும் கலந்ததுதானே.

இன்னொன்றும் உண்டு. ஆயில் மாற்றும்போது டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் பழைய ஆயிலில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். ஆயில் பம்ப், தலைப்பகுதியின் மூலைகள், சிறு துவாரங்கள் என்று அது ஒட்டிக்கொள்ள இடம் நிறைய. ஆகவே பிராண்டு மாற்றியவர் எல்லாருமே தெரியாமல் ஆயில் கலந்தவர்கள்தான்.

அந்த எண்கள் சொல்வது என்ன

அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே300 என்ற தரப்பட்டியலிலிருந்து வருபவை இந்த எண்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரிக் குளிரிலும் இன்ஜினைச் சுழற்ற முடிகிற அளவுக்கு ஆயில் இளகி இருக்கும் என்று பொருள். 0டபிள்யூவுக்கு அந்தச் சோதனை மைனஸ் 35-இல், 15டபிள்யூவுக்கு மைனஸ் 20-இல், 20டபிள்யூவுக்கு மைனஸ் 15-இல் நடக்கும். ஊட்டியில் டிசம்பர் விடியற்காலை பூஜ்யத்தை ஒட்டிப் போகும். அங்கேகூட 15டபிள்யூ திணறாது. லடாக்கில் குளிர்காலம் கழிப்பவர்தான் இந்த முதல் எண்ணுக்காகக் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது எண், 100 டிகிரிச் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பது. சென்டிஸ்டோக் என்ற அளவில் 20 கிரேடு 6.9 முதல் 9.3 வரை, 30 கிரேடு 9.3 முதல் 12.5 வரை, 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. கவனித்தீர்களா, ஒவ்வொரு கிரேடும் ஒரு புள்ளி அல்ல, ஒரு பட்டை. ஒரு பட்டையின் மேல்முனையில் இருக்கும் 30-க்கும், அடுத்த பட்டையின் கீழ்முனையில் இருக்கும் 40-க்கும் வித்தியாசம் மிகச் சிறிது.

"நம்ம ஊர் வெயிலுக்கு 0டபிள்யூ-20 எல்லாம் தண்ணி மாதிரி, தாங்காது" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. வெளியே 25 டிகிரி இருந்தாலும் 42 இருந்தாலும், சூடேறிய இன்ஜினைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வைத்திருக்கும். ஆயில் வேலை செய்வது 100 டிகிரியை ஒட்டி. இன்ஜினைச் செய்த கம்பெனி பேரிங் இடைவெளியையும் ஆயில் பம்பையும் அந்தச் சூட்டில் உள்ள கெட்டித்தன்மைக்குத்தான் கணக்கிட்டிருக்கிறது. சித்திரை வெயில் அதற்குப் புதிய சேதி இல்லை.

டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

என் அனுபவத்தில் ஆயில் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முன்பக்க எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையான ஜாதகம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது.

ஒரு உதாரணம். இரண்டு டப்பாக்கள், இரண்டிலும் 5டபிள்யூ-30. ஒன்று ஏபிஐ எஸ்பி, ஜப்பானிய, கொரிய பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாகப் போடுவது. இன்னொன்று ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ சி3. ஆயிலை 150 டிகிரியில் வைத்து, பேரிங்குக்குள் நசுங்குவது போல வேகமாக உரசவைத்து அளக்கும் சோதனை ஒன்று உண்டு. அதில் முதல் டப்பா 2.9-க்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். சி3 குறைந்தது 3.5 காட்ட வேண்டும். 5டபிள்யூ-40-க்குக் கேட்கப்படுவதும் அதே 3.5தான். அதாவது சி3 கேட்கும் காரில் வழியில் ஆயில் குறைந்தால், சாதாரண 5டபிள்யூ-30-ஐ ஊற்றுவதைவிட சி3 என்று போட்ட 5டபிள்யூ-40-ஐ ஊற்றுவது பொருத்தம். எண் ஒத்துப்போகவில்லையே என்று தோன்றும். ஆனால் இன்ஜினுக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது.

பின்பக்கத்தில் நான் முதலில் தேடுவது ஏபிஐ எழுத்துகள். எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்என் பிளஸ் 2018-இல், எஸ்பி 2020-இல், எஸ்க்யூ 2025-இல். பின்னால் வந்தது முன்னால் வந்ததன் வேலையையும் செய்யும் என்பது பொது விதி. சாதாரண பெட்ரோல் இன்ஜினில் எஸ்பி ஆயிலோடு கொஞ்சம் எஸ்என் சேர்ந்தால் ஒன்றும் இல்லை. நேரடி ஊசி கொண்ட சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜினில் கதை வேறு. குறைந்த சுழற்சியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் நோய் அவற்றுக்கு உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடிய நோய். ஆயிலில் கழுவும் வேலைக்காகச் சேர்க்கும் கால்சியம் அதிகமாக இருந்தால் அது கூடும் என்று தெரிந்த பிறகுதான் எஸ்என் பிளஸ்ஸிலும் எஸ்பியிலும் அதற்கென்று தனிச் சோதனை வைத்தார்கள். ஆகவே டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர், எண் சரியாக இருந்தாலும் பழைய எஸ்என் டப்பாவைத் தவிர்ப்பது நல்லது.

டீசல் கார் என்றால் டிபிஎஃப் இருக்கிறதா என்று பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் இந்த வடிகட்டி இருக்கும். கரியை அது அவ்வப்போது எரித்துத் தள்ளிவிடும். ஆயில் எரிந்து உண்டாகும் சாம்பலை எரிக்க முடியாது. அது உள்ளேயே தங்கி அடைக்கும். சி2, சி3 ஆயில்களில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏ3/பி4 என்ற ஆயிலில் 1.6 வரை இருக்கலாம். ஒரு தடவை அரை லிட்டர் ஊற்றியதால் வடிகட்டி செத்துவிடாது. பழக்கமாகிவிட்டால் அதை மாற்றும் செலவு ஆயிலில் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு.

ஐரோப்பியக் கார்களில் ஃபோக்ஸ்வாகன் 507 00, மெர்சிடிஸ் 229.51 மாதிரி கம்பெனியே கொடுக்கும் ஒப்புதல் எண் மேனுவலில் இருக்கும். அந்த எண் டப்பாவிலும் இருந்தால் மற்றதை எல்லாம் ஆராய வேண்டியதே இல்லை.

சரி, வழியில் குறைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் நிஜமாகவே குறைந்திருக்கிறதா பாருங்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிஷம் விட வேண்டும். அணைத்த உடனே பார்த்தால் பாதி ஆயில் மேலே இருக்கும், டிப்ஸ்டிக் குறைத்துக் காட்டும். உருவி, துடைத்து, முழுக்க உள்ளே செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பார்த்து, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்திருந்தால் அது வேறு சங்கதி. அந்த விளக்கு அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் போய்விட்டதைக் காட்டுகிறது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். "அடுத்த பங்க் ரெண்டு கிலோமீட்டர்தான்" என்று ஓட்டியவர்களுடைய கிராங்க் பேரிங்குகளை ஒர்க்‌ஷாப்பில் பார்த்திருக்கிறேன். விளக்கு எரிந்த காரில் டிப்ஸ்டிக் சரியான அளவு காட்டினால், குறை பம்பிலோ சென்சாரிலோ இருக்கலாம். ஆயில் ஊற்றித் தீராது, கட்டி இழுத்துப் போக வேண்டியதுதான்.

அளவுதான் குறைவு என்று உறுதியானால், கிடைப்பதில் எதை எடுப்பது? நான் பார்க்கும் வரிசை இது:

1. மேனுவல் சொல்லும் அதே தரம், அதே கிரேடு, வேறு பிராண்டு. யோசிக்காமல் ஊற்றலாம்.
2. அதே தரம், பக்கத்து கிரேடு. 5டபிள்யூ-30-க்கு 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-30, 0டபிள்யூ-20-க்கு 5டபிள்யூ-30.
3. அதே கிரேடு, கொஞ்சம் பழைய தரம். டர்போ பெட்ரோலும் டிபிஎஃப் டீசலும் இதைத் தவிர்க்கப் பார்க்க வேண்டும்.
4. எதுவுமே கிடைக்காத இடத்தில், காருக்கான ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில் எதுவானாலும், வீடு சேரும் அளவுக்கு மட்டும்.

நான்காவது பாவமாகத் தோன்றலாம். ஆனால் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருநூறு கிலோமீட்டர் ஓடுவதோடு ஒப்பிட்டால் அது புண்ணியம். ஆயில் குறைவான இன்ஜினில் திருப்பத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் பம்ப் காற்றை இழுக்கும். கொஞ்சம் கெட்டியான ஆயில் செய்யும் கெடுதல் அதன் முன்னால் ஒன்றுமில்லை.

அந்த பைக் 20டபிள்யூ-40? ஜாசோ எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரம்) என்று போட்டிருக்கும் அந்த ஆயிலில் உரசலைக் குறைக்கும் சரக்கு வேண்டுமென்றே கம்மியாக இருக்கும், ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச் வழுக்கக் கூடாது என்பதற்காக. காரில் அரை லிட்டர் போனால் மைலேஜ் துளி குறையலாம், அவ்வளவுதான். திருப்பிச் செய்யக் கூடாது: கார் ஆயிலை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

ஊற்றும்போது அவசரம் வேண்டாம். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர்; சின்ன இன்ஜின்களில் அதற்கும் கம்மி. மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் தூசியைத் துடையுங்கள். கால் லிட்டர் ஊற்றி, இரண்டு மூன்று நிமிஷம் விட்டு, டிப்ஸ்டிக்கைப் பார்த்து, மறுபடி கால் லிட்டர். புனல் இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிக்கொள்ளலாம், உள்ளே ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு. எக்ஸாஸ்ட் மேல் சிந்தினால் துடைத்துவிடுங்கள். புகை வருவதோடு தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. இரண்டு கோட்டுக்கும் நடுவே கொஞ்சம் மேலே வந்ததும் நிறுத்துங்கள். வேறு ஆயிலை ஊற்றும்போது மேல்கோடு வரை நிரப்ப ஒரு காரணமும் இல்லை. எவ்வளவு குறைவாகக் கலக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மேல்கோட்டைத் தாண்டிவிட்டால் கிராங்க் சுழன்று ஆயிலை மோர் கடைவது போலக் கடையும். நுரை கலந்த ஆயிலைப் பம்ப் அனுப்பும், சீல்கள் கசியும். டீசலாக இருந்தால் அதிகமான ஆயில் காற்றுக் குழாய் வழியே போய் எரிபொருளாகவே எரியத் தொடங்கி, சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காமல் அலறும் ஆபத்தும் உண்டு. கூடுதலாகப் போனதை டிப்ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய ட்யூபும் சிரிஞ்சும் வைத்து உறிஞ்சி எடுக்கலாம்.

மூடியைத் திருகிவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். சிரிக்க வேண்டாம், நான் ஒருமுறை மூடியை பேட்டரி மேல் வைத்துவிட்டு ஐந்து கிலோமீட்டர் போயிருக்கிறேன். பிறகு ஒரு நிமிஷம் இன்ஜினை ஓட்டி, அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளவைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலந்தால் என்ன கிரேடு ஆகும்?

இதை ஓரளவு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சந்தையில் ஒரு நடுத்தர 5டபிள்யூ-30, 100 டிகிரியில் 10.5 சென்டிஸ்டோக் என்று வையுங்கள். 5டபிள்யூ-40 ஒன்று 13.5. மூன்று லிட்டர் முதலாவதோடு ஒரு லிட்டர் இரண்டாவதைச் சேர்த்தால் ஏறக்குறைய 11.2 வரும். இன்னும் 30 கிரேடு பட்டைக்குள்தான். பாதிக்குப் பாதி கலந்தாலும் 11.9, அப்போதும் 30தான். பங்க் பையனின் பயத்துக்கு என் பதில் இதுதான்.

0டபிள்யூ-20 இன்ஜினில் கொஞ்சம் கவனம் வேண்டும். 8.5 இருக்கும் மூன்று லிட்டரில் 14.5 இருக்கும் 15டபிள்யூ-40 அரை லிட்டர் சேர்ந்தால் 9.1 ஆகும். 20 கிரேடின் மேல்முனை 9.3. நூலிழையில் உள்ளே. இன்னொரு அரை லிட்டர் போனால் தாண்டிவிடும். தாண்டினால் இன்ஜின் போய்விடாது. ஆனால் ஆயில் அழுத்தத்தை வைத்து வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு கொஞ்சம் மந்தமாகும், மைலேஜும் குறையும்.

கலவையின் கெட்டித்தன்மை சாதாரண சராசரியைவிட எப்போதும் மெல்லிய ஆயில் பக்கமே சாயும். 0டபிள்யூ-20-ஐயும் 20டபிள்யூ-50-ஐயும் சமமாகக் கலந்தால் 12-ஐ ஒட்டி வரும், காகிதத்தில் 30 கிரேடு. அதற்காக அது 5டபிள்யூ-30 ஆகிவிடாது. குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்தக் கணக்கு சொல்லவே சொல்லாது. ஒவ்வொரு கம்பெனியும் போடும் பாலிமரும் உறைவுத் தடுப்பும் வேறு வேறு. கலந்தபின் டபிள்யூ எண் என்ன என்று ஆய்வகத்தில் அளந்தால்தான் தெரியும். நாமே இரண்டு தப்பான ஆயிலைக் கலந்து ஒரு சரியான ஆயிலைத் தயாரிக்கலாம் என்ற யோசனைக்கு இதனால்தான் நான் எதிரி.

தொடவே கூடாதவை

கியர் ஆயில், ஆட்டோமேட்டிக் கியருக்கான ஏடிஎஃப், பிரேக் ஆயில், டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான டூ-டி ஆயில் ஆகிய நான்கும் எந்த அவசரத்திலும் இன்ஜினுக்குள் போகக் கூடாது. "இன்ஜின் சத்தம் குறையும்" என்று கடைக்காரர் நீட்டும் குட்டி பாட்டிலும் வேண்டாம். தவறிப்போய் ஊற்றிவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் முழுக்க வடித்துவிடுவது நல்லது.

டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடும் இன்ஜின்கள் சில உண்டு, ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட் மாதிரி. அந்த ரப்பர் பெல்ட்டுக்கு ஒத்துப்போகும் ஆயில் எது என்று கம்பெனி தனியாகக் குறிப்பிட்டிருக்கும். பொருந்தாத ஆயிலில் பெல்ட் உதிர்ந்து, துகள்கள் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். இந்த வகைக் காரில் என் வரிசையின் மூன்றாவதும் நான்காவதும் கிடையாது.

ஊர் திரும்பிய பிறகு

போனில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: தேதி, கிலோமீட்டர், பிராண்டு, கிரேடு, தரம், எத்தனை மில்லி. வாரண்டி காலத்தில் இருக்கும் கார் என்றால் பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸில் விடும்போது இதைச் சொன்னால் மெக்கானிக் யூகிக்க வேண்டியிருக்காது.

அடுத்த ஆயில் மாற்றத்தை முன்கூட்டியே செய்ய வேண்டுமா? என் கணக்கு இப்படி. தரம் சரியாக இருந்து, மொத்த ஆயிலில் ஆறில் ஒரு பங்குக்குள் கலந்திருந்தால் வழக்கமான தேதியை மாற்ற வேண்டாம். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலோ, தரம் குறைந்ததை ஊற்றியிருந்தாலோ, மீதமுள்ள கிலோமீட்டரைப் பாதியாக்குங்கள். நான்காவது வகை ஆயிலை ஊற்றியிருந்தால் அந்த வாரமே ஃபில்டரோடு மாற்றிவிடுங்கள். ஃப்ளஷ் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சூடாக வடித்தால் போதும், டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள்.

ஆயில் ஏன் குறைந்தது என்பதையும் விட்டுவிடக் கூடாது. நிறுத்தும் இடத்தில் தரையில் சொட்டு இருக்கிறதா, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப்புகை வருகிறதா பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குடிப்பதைச் சில கம்பெனிகளே இயல்பு என்கின்றன. அதற்கு மேல் போனால் ரிங், வால்வு சீல், டர்போ என்று தேட வேண்டும். ஆயில் குடிப்பதை மறைக்க கிரேடை 30-லிருந்து 50-க்கு ஏற்றச் சொல்லும் யோசனை பழைய காரில் சில மாதம் ஓடும். புது இன்ஜினில் அதைச் செய்ய விடாதீர்கள்.

அலமாரியில் கிடக்கும் மிச்சம்

இன்ஜினுக்கு மூன்றரை லிட்டர் வேண்டும், கையில் மூன்று லிட்டர் 5டபிள்யூ-30 டப்பா. போன வருஷம் வாங்கியதில் 5டபிள்யூ-40 அரை லிட்டர் மிச்சம். இரண்டும் எஸ்பி, மூடி இறுகி இருந்திருக்கிறது, அடியில் வண்டலோ வெண்மையோ இல்லை. ஊற்றிவிடுங்கள், வரப்போவது 10.9, நல்ல 30 கிரேடு. ஆனால் நாலு டப்பாவில் நாலு விதமான மிச்சத்தைத் திரட்டி ஒரு முழு ஆயில் மாற்றம் செய்வது வேறு. அந்த மிச்சங்களை ஸ்கூட்டருக்குத் தள்ளாமல், கேட் கீலுக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் வைத்துக்கொள்கிறேன் நான்.

இப்போதெல்லாம் சரியான 5டபிள்யூ-30 ஒரு லிட்டர் டப்பா, பழைய செய்தித்தாளில் சுற்றி, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறது. கூடவே வெட்டிய பாட்டில் கழுத்தும் ஒரு துடைக்கும் துணியும்.